நாலாவது கிண்ணத்துக் கல்

அன்புள்ள மகளுக்கு, உன் அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. நான் நலம். அத்தை படுத்திருக்கிறாள், ஆனால் வாய் நலம். நீயும் அங்கே நலமாகத்தான் இருப்பாய், இல்லாமல் போக உனக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று குழம்பியிருப்பாய். என்னுடையதுதான். தையல்காரர் எழுதவில்லை, டீச்சர் கையைப் பிடிக்கவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், நான் எழுபதையும் தாண்டி வளைந்திருக்கிறேன். பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறையில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்பில் நான்தான் முதல். இரண்டாவதாக வருபவர் பால்காரர், அவர் இன்னும் தன் பெயரைத் தாண்டவில்லை. சந்தையில் பழப்பெட்டிக்கு ஆணி அடித்தே கிழவனானவன் நான், பென்சிலையும் ஆணி மாதிரியே பிடிக்கிறேனாம். "தாத்தா, மெதுவாப் பிடிங்க, அது ஓடிப்போயிடாது" என்று டீச்சர் சொல்கிறாள். இந்த அளவு எழுதுவதற்குள் ஒரு மத்தியானம் போய்விட்டது. எழுதும்போது எனக்கு நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. அத்தை கட்டிலில் கிடந்தபடியே, "நாக்கை உள்ள போடுடா, ஈ உக்காரப் போகுது" என்கிறாள்.

இத்தனை வருஷமாகத் தையல்காரர் எழுதி அனுப்பிய கடிதங்களை நீ மறந்துவிடலாம். நான் அவர் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மூச்சு வாங்கும் வரைக்கும் பேசுவேன். அவர் ஒரு வரி எழுதி மடித்துவிடுவார். அவ்வளவுதானா என்றால், "எல்லாரும் சுகம்னு போட்டிருக்கேன் அண்ணே, அது போதும், பொண்ணு மனசு சங்கடப்படக் கூடாது" என்பார். அதனால் உன் மனசு இதுவரை சங்கடப்படாமலே இருந்திருக்கிறது. அந்தக் குறை இனிமேல் இருக்காது.

படிக்கத் தெரிந்ததில் எனக்குள்ள சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நம் வீட்டு வாளியில், போர்வையில், கொசுவலையில், இப்போது அத்தைக்காக வந்திருக்கும் படுக்கைச் சட்டியில், எல்லாவற்றிலும் இன்னாருடைய அன்பளிப்பு என்று அச்சடித்திருக்கிறது. நான் அதையெல்லாம் பூ வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெருமுனைக் குழாயில் ஒரு பக்கம் நீ வேலை செய்கிற உதவி நிறுவனத்தின் பெயர், மறுபக்கம் பிரார்த்தனைக் கூடத்தின் பெயர். யார் பெயர் மேலே இருக்க வேண்டும் என்று அவர்களுக்குள் சண்டை வந்து, கடைசியில் இரண்டையும் ஒரே உயரத்தில் எழுதிவிட்டார்கள். தண்ணீர் மட்டும் இன்னும் யாருடையதும் இல்லை, அதனால் வருவதில்லை. இங்கே இப்போது எல்லாமே அப்படித்தான். பணம் உங்களுடையது, ஆள் அவர்களுடையது, நாங்கள் இரண்டு பேருக்கும் பொது. நீ அங்கே வெளிநாட்டில் தலைமை அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை இங்கே வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்று உனக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

அத்தை விழுந்த கதையை முதலில் சொல்கிறேன். தையல்காரர் அதை 'சிறு அடி' என்று எழுதினார். கூடத்து விருந்தினர் விடுதியின் துணி துவைக்கும் அறையில், ஈரப் படுக்கை விரிப்புகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு திரும்பும்போது சோப்புத் தரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு உடைந்தது. எங்கள் ஏழ்மையைப் பார்க்க வருகிறவர்கள் தூங்குவதற்காகக் கட்டிய விடுதி அது, விரிப்பு தினமும் மாற்ற வேண்டும். உன் அம்மா போன பிறகு உன்னை வளர்த்ததும் அந்தக் கூலியில்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். விழுந்தவளை வீட்டுக்குத் தூக்கிவந்த பிறகு கூடத்துத் தலைவர் வந்து பார்த்தார். தெருவில் அவருக்கு மைக் மாமா என்று பெயர், கையில் மைக் இல்லாவிட்டாலும் இருக்கிற மாதிரியே பேசுவார். விடுதியில் விழுந்தாளே, ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டேன். "அவங்க கான்ட்ராக்டர் ஆளுங்க ஐயா, நம்ம ஆளு இல்ல. ஆனா நம்ம பிரார்த்தனையில கண்டிப்பா உண்டு" என்றார். அத்தை உடனே, "துவைக்கிறப்ப நான் கான்ட்ராக்டர் ஆளு, படுத்ததும் கடவுள் ஆளா" என்று கேட்டாள். தெருக்காரர்கள் அவளுக்குச் சுண்ணாம்பக்கா என்று சும்மா பெயர் வைக்கவில்லை, அவள் நாக்கு பட்ட இடம் வெந்துபோகும்.

இந்த நேரத்தில்தான் கூடத்து ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் வந்தார். நல்ல மனுஷன், எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறார். உடைந்த இடுப்பில் உலோக மூட்டு வைத்து நடக்க வைக்கிறார். மூட்டுகளை அனுப்பியது உங்கள் நிறுவனம். அத்தையைப் பார்த்துவிட்டு, வைத்தால் கம்பு ஊன்றி நடப்பாள், வைக்காவிட்டால் படுக்கைதான், படுக்கைப் புண் வந்தால் அப்புறம் அதிக நாள் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் மழைக்கு முன்னால் ஊருக்குப் போய்விடுவார். காசு கொடுத்து வைக்கலாமா என்று கேட்டதற்கு, அவர் காசுக்குச் செய்வதில்லையாம். காசுக்குச் செய்கிற ஆஸ்பத்திரிக்குக் கரடுமுரடான பாதையில் ஒரு பகல் போக வேண்டும், போய்ச் சேருவதற்குள் இடுப்பு இன்னும் நாலாக உடையும் என்று அவரே சொன்னார். ஆகவே மூட்டு வேண்டுமானால் ஒரே வழி, நாலாவது கிண்ணத்தில் இருக்க வேண்டும்.

கிண்ணம் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது உங்கள் முறை. இருந்தாலும் இங்கே அது நடந்த அழகைக் கேள். கூடத்து முற்றத்தில் தெரு முழுவதும் கூடியது. உங்கள் நிறுவனத்துப் பெண் ஒருத்தி, நாங்கள் கூழாங்கல் மேடம் என்று கூப்பிடுகிறோம், நாலு கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு கல். முதல் கிண்ணம் வசதி, நாலாவது கிண்ணம் கதியற்றது, மூட்டு, கூரை எல்லாம் அந்தக் கிண்ணத்துக்கு மட்டும். யார் எந்தக் கிண்ணம் என்று அக்கம்பக்கத்தாரே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கஷ்டம் எங்களுக்குத்தான் தெரியுமாம். அன்றைக்குத் தெருவே கிழிசலில் வந்தது. தையல்காரர் தான் தைத்த சட்டையிலேயே இரண்டு தையலைப் பிரித்துவிட்டு வந்திருந்தார். சைக்கிள் கடைக்காரர் தன் டிவியைப் பால்காரர் வீட்டில் ஒளித்துவைத்தார். அது தெரியாமல் எதிர்வீட்டுக்காரரும் தன் டிவியைப் பால்காரர் வீட்டிலேயே ஒளித்துவைத்தார். பால்காரருக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது. மேடம் வீடு வீடாகப் பார்த்தபோது அவர் வீட்டில் மூன்று டிவி. மனுஷன் முதல் கிண்ணத்துக்குப் போய்விட்டார். உண்மையைச் சொல்லலாமே என்றால், சொன்னால் இரண்டு பேரும் நாளைக்குப் பால் வாங்க மாட்டார்கள். இப்போது ஊரிலேயே பெரிய பணக்காரர் அவர்தான், மாடு மட்டும் செத்துவிட்டது.

அடுத்து மேடம் நம் வீட்டுக் கல்லைக் கையில் எடுத்தாள். தையல்காரர் மனைவிதான் சொன்னாள், "சுண்ணாம்பக்கா படுக்கையில, அண்ணனுக்கு வேலை இல்ல, ஒரே அறை. இதுக்கு மேல என்ன வேணும், நாலுல போடுங்க" என்று. நான் வெட்கப்பட்டேனா சந்தோஷப்பட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அத்தையிடம், நாம் கதியற்றவர்களாகிவிட்டோம் என்று சொன்னேன். "அடேயப்பா, இதுக்கு ஓட்டெடுப்பு வேற வச்சாங்களா" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் தன் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்துத் தரச் சொன்னாள். விழுந்த நாளிலிருந்து அந்தச் செருப்பை அவள் கேட்டதில்லை.

அதற்குள் மைக் மாமாவும் வந்தார். கிண்ணம் நிறுவனத்தின் வேலை என்றாலும் ஆஸ்பத்திரி கூடத்தினுடையது, யாரை முதலில் ஆபரேஷன் மேஜையில் ஏற்றுவது என்பதைக் கூடம்தான் சொல்லும் என்று நினைவுபடுத்தினார். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வரும் விருந்தினர் நாளில் அத்தை எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் போதும், கடவுள் என்னைக் கைவிடவில்லை என்று, அவ்வளவுதான். அத்தை நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அவர் வாசல் தாண்டும் முன், "சாட்சிதானே தம்பி, சொல்றேன். இத்தனை வருஷம் உங்க விடுதி மெத்தை விரிப்பெல்லாம் துவைச்சிருக்கேன். யார் யாரைப் பத்தி சாட்சி சொல்லணும்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க" என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமலே போனார். ஆனாலும் சாட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டிலில் கிடக்கிற கிழவி புகைப்படத்துக்கு நன்றாக வருவாள் என்பது அவருக்கும் தெரியும்.

விருந்தினர் நாளன்று அத்தையைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் தெருவில் நடந்தோம். எதிரே வந்த லாரி டிரைவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, தலைத்துணியை எடுத்துவிட்டு மரியாதையாக நின்றார். அத்தை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்னும் இல்ல, நீ வண்டிய எடு" என்றாள். முற்றத்தில் பந்தல், நாற்காலி, வெளிநாட்டுக்காரர்கள், வீடியோ எடுக்கிற ஆள். நாலு கிண்ணங்களையும் கல்லோடு அப்படியே மேஜைமேல் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மைக் மாமா நீளமாகப் பிரார்த்தித்தார், வெயில் ஏறியது. அத்தை முறை வந்தபோது மைக்கை வாயருகில் பிடித்தார்கள். "கடவுள் என்னைக் கைவிடல" என்று சொன்னாள், அதோடு நிறுத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு பேச்சைப் பாதியில் விழுங்கியதைப் பார்த்தேன். ஒரு காலுக்காக அவள் நாக்கைக் கொடுத்தாள் மகளே, அது சின்ன விலை இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்தது என் முறை. வகுப்பின் முதல் மாணவன் அல்லவா, வந்தவர்கள் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். புத்தகம் என்றால் மனப்பாடம் என்று நினைப்பார்கள், அதனால் நான் பார்த்தே இராத ஒன்றைத் தர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அன்று காலையில்தான் நகரத்திலிருந்து ஒரு பெரிய பலகை வந்திருந்தது, பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. தலைமை அலுவலகம் அனுப்பிய புதிய விதிகள். கூழாங்கல் மேடம் நாற்காலி போடுகிற அவசரத்தில் அதைப் படிக்கக்கூட இல்லை. அதன் முன்னால் என்னை நிறுத்தினார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், உன்னைப் போல் சின்ன வயதில் படித்தவர்களுக்கு இது தெரியாது. என்னைப் போல் புதிதாகப் படிக்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், அர்த்தத்தைப் பார்க்க அவனுக்கு நேரம் இருக்காது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி, விழாமல் அடுத்த படிக்குப் போனால் போதும் என்றிருக்கும். அப்படித்தான் ஏறிக்கொண்டே போனேன். ஐந்தாவது விதியில், 'குடும்பத்தில் ஒருவர் வெளிநாட்டில் வேலையில் இருந்தால் அந்த வீடு நாலாவது கிண்ணத்தில் சேராது' என்று திக்காமல் திணறாமல் வாசித்து முடித்தேன். பெரிய வார்த்தைகளைத் தாண்டிவிட்ட பெருமையில் திரும்பிச் சிரித்தேன். வீடியோக்காரர் வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி, அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். இன்னும் சத்தமாக, இன்னும் அழகாக வாசித்தேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

தையல்காரர் மனைவி மெதுவாக எழுந்தாள். "அப்போ அந்தக் கல்லு அங்க இருக்கக் கூடாதே மேடம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். நாலாவது கிண்ணத்துக்கு இத்தனை வீடு என்று கணக்கு உண்டு, ஒன்று வெளியே போனால் ஒன்று உள்ளே வரலாம், மூன்றாவது கிண்ணத்தில் எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்ததாக இருந்தது தையல்காரர் வீட்டுக் கல். மேடம் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் நம் கல்லை இரண்டு விரலால் எடுத்து இரண்டாவது கிண்ணத்தில் போட்டாள். சத்தம் கேட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதைச் சத்தமாக வாசித்து, வீடியோவும் எடுத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான். அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா வாசிக்கிறேடா. ஒரு எழுத்துகூட விடல" என்றாள். திரும்பும்போது கட்டில் தூக்க இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்ற இரண்டு பேரும் தையல்காரர் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போய்விட்டார்கள்.

அந்த விதியை எழுதியது நீதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. போன வருஷம் மளிகைக் கடை போனில் கூப்பிட்டு, "அப்பா, நான் ஒரு விதி எழுதிக் கொடுத்திருக்கேன், இனிமே எல்லா நாட்டுலயும் அதுதான்" என்று சொன்னாயே. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகள் உதவியைப் பிடுங்கிக்கொள்கின்றன, நிஜமான ஏழைக்குக் கிடைப்பதில்லை என்று விளக்கினாய். அதில் நம் வீடும் அடங்கும் என்று தோன்றாமல், நான் பெருமையில் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போதும் சொல்கிறேன், நல்ல விதி, நியாயமான விதி. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்று நீ நம்பியிருக்கிறாய். யாரைப் பார்த்து உனக்கு அந்த நம்பிக்கை வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அத்தை மூக்குக்கண்ணாடி வாங்கப் பணம் கேட்டபோது, கையில் கொடுத்தால் கை நீளும், அது வளர்ச்சி இல்லை என்று நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், நீ அளந்துவிட்டு ஆற்றிலும் போடவில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன், நீ சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை நினைவில் வைத்திருக்கிறேன். "அப்பா, நான் தலையிட்டா அது முறை இல்ல. என் சொந்தக்காரங்களுக்கு நானே சலுகை காட்டினேன்னு ஆகிடும். நாளைக்கு யாரும் என்னை மதிக்க மாட்டாங்க." கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால் சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் கூழாங்கல் மேடத்திடம் போய், அத்தையைத் தனி வீடாக எழுதிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். ஒரே அடுப்பு என்றால் ஒரே வீடாம், தனி அடுப்பு மூட்டி ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டுமாம். எலும்பு ஒரு வருஷம் காத்திருக்குமா என்றேன். பாவம், அவளும் யார் வீட்டுப் பெண்ணோ, விதித் தாள்களைப் புரட்டிவிட்டு ஒரு வழி சொன்னாள். "உங்க பொண்ணு, இந்தக் குடும்பத்தோட எனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லன்னு எழுத்துல கொடுத்துட்டா, கல்லைத் திரும்ப நாலுல போட்டுடலாம் தாத்தா. அப்படி ஒரு வழி விதியிலயே இருக்கு" என்றாள். அந்த வழியையும் நீதான் வைத்திருப்பாய். சின்ன வயதிலிருந்தே நீ கதவைச் சாத்தினால் ஜன்னலைத் திறந்துவைக்கிற பிள்ளை.

இதை நான் அத்தையிடம் சொல்லத் தயங்கினேன். உன்னை வளர்த்தவள், எப்படித் தாங்குவாள் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். "கால் வேணும்னா புள்ளைய விடணுமா. புள்ள எப்பவோ விட்டுட்டுப் போயிட்டா, கால்தான் இன்னும் வரல" என்றாள். அப்புறம் சுவரைப் பார்த்தபடி ஒன்று சொன்னாள். இத்தனை நாள் என்னிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். சின்ன வயதில் நீ அவளோடு படுத்துக்கொள்ளும்போது, விடியுமுன் அவள் உன்னை எழுப்பாமல் வேலைக்குப் போய்விடக் கூடாது என்று போர்வை நுனியை அவள் துணி நுனியோடு சேர்த்து முடிச்சுப் போடுவாய். பெரியவளான பிறகும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை, கட்ட ஆள் இல்லாவிட்டாலும் போர்வை நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத்தான் தூங்குவாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலையில் விடுதியின் மாடி அறையிலிருந்து வந்த போர்வையின் நுனியில் அந்த முடிச்சு இருந்ததாம். அதே மாதிரி, இரட்டையாக, உள்பக்கம் திருப்பி. ஓடிப்போய்ச் சமையல்காரியைக் கேட்டிருக்கிறாள். "தலைமை அலுவலகத்து மேடம்கா, நம்ம பாஷை நல்லாப் பேசினாங்க, விடியறதுக்கு முன்னாலயே கார்ல போயிட்டாங்க" என்றாளாம். விடுதியிலிருந்து நம் வீட்டுக்கு மூன்று தெரு. உன் ஜன்னலைத் திறந்திருந்தால் எங்கள் விளக்கு தெரிந்திருக்கும். ஈரமாகி இறுகிப்போன அந்த முடிச்சை விரலால் அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்து, துவைத்து, காயப்போட்டு, மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு என்னிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டாள், எனக்கு நினைவிருக்கிறது. கிராம்பு வாங்கக் கடைக்கு நான்தான் போனேன்.

அதனால் மகளே, யோசித்துப் பார்த்ததில் நீ போனில் சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்தக்காரர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது. ஆகவே சொந்தக்காரர்கள் இல்லை என்று எழுதிவிடு. உன் நேர்மைக்கு ஒரு கீறலும் விழாது. பொய் எழுதச் சொல்கிறான் கிழவன் என்று பயப்படாதே, நான் கேட்பது பொய் இல்லை. கொஞ்ச வருஷமாக நடந்துகொண்டிருப்பதைத் தாளில் போடச் சொல்கிறேன், அவ்வளவுதான். வார்த்தை தேட உனக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று, டீச்சர் எங்களுக்கு எழுதித் தருகிற மாதிரி, மாதிரி வரி ஒன்றை நானே எழுதித் தருகிறேன். 'அந்த வீட்டில் இருக்கும் முதியவரும் அவருடைய அக்காவும் எனக்கு யாரும் இல்லை.' இதைப் பார்த்து எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேடத்துக்கு அனுப்பு. எனக்கு இந்த வரி அழகாக வந்திருக்கிறது, சிலேட்டில் பல தடவை எழுதிப் பழகினேன். டீச்சர் பார்த்துவிட்டு, "என்ன தாத்தா இது, இப்படி ஒரு வரியையா பழகுவீங்க" என்று கேட்டாள். எழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பாரம்மா என்றேன். ஒழுங்காக இருக்கிறது என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. தையல்காரர் வீட்டுக்குப் புதுக் கூரை வந்துவிட்டது, அதிலும் பெயர் எழுதியிருக்கிறது, வாசலில் நின்றே படிக்க முடிகிறது. அவர் மனைவி அத்தையைப் புரட்டிப் படுக்கவைக்க தினமும் வருகிறாள். முதுகில் சின்னதாகச் சிவந்திருக்கிறது என்று நேற்று சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை, கல்லை நகர்த்தினாலும் ஆளையும் நகர்த்தி விடுகிறாள். மைக் மாமா இன்னும் நம்மைப் பிரார்த்தனையில் வைத்திருக்கிறார். என்னுடைய வீடியோவை உங்கள் ஊரில் பெரிய கூட்டங்களில் போடுகிறார்களாம், எழுதப் படிக்கத் தெரியாத கிழவர் இன்று தானே விதிகளை வாசிக்கிறார் என்று. நீயும் அங்கேதான் இருப்பாய், முடிந்தால் பார். சிரித்துக்கொண்டு நிற்பது நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் நனையாதே. ஈரத் தரையில் மெதுவாக நட, நம் குடும்பத்துக்கு எலும்பு அவ்வளவு கெட்டி இல்லை. நீ நீண்ட ஆயுளோடு, கடைசி நாள் வரைக்கும் உன் காலாலேயே நடந்து, யார் கிண்ணத்திலும் கல்லாக விழாமல் வாழ வேண்டும், இது நான் மனசாரச் சொல்கிற ஆசீர்வாதம். டாக்டர் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார், மேற்கே மேகமும் கூடுகிறது, ஆகவே தாளை உடனே அனுப்பு, மறந்துவிடாதே. அத்தையிடம் உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். போர்வை நுனியை எடுத்து விரலால் நீவினாள். பிறகு, "இனிமே வெளியூர்ல தங்கினா முடிச்சை அவ்வளவு இறுக்கிப் போட வேணாம்னு எழுது. துவைக்கிறவளுக்குப் பல்லு வலிக்கும்" என்றாள்.

இப்படிக்கு,
அந்தத் தாளில் நீ கையெழுத்துப் போடும் வரைக்கும்
உன் அப்பா